ஆச்சிமால் கணக்கு: கணவரின் கனவுக்குக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்

செட்டிநாட்டின் பழைய வட்டிக்கடைக் கணக்கில் பணத்துக்கு அது வந்த வழியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். கடைக்காரர் போட்டது முதல் பணம். உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் போட்டு வைத்தது மேம்பணம். கோயிலுக்குச் சேர்ந்தது கோயில் பணம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது ஆச்சிமால் பணம். நான்கும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கும், ஒரே தொழிலில்தான் ஓடும். ஆனால் ஏட்டில் நான்கும் தனித்தனி. கடைக்கு முதலாளி கணவரே ஆனாலும் ஆச்சிமால் பக்கத்தில் அவர் கடனாளி. வட்டி ஏறிக்கொண்டே போகும்.

இன்றைக்குக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் கணவரின் தொழில் ஆசையில் நொடித்துப்போன வீடுகளில் கணக்கைத் திறந்தால் முதலில் காணாமல் போயிருப்பது இந்தத் தனிப்பக்கம்தான். நகை போயிருக்கும், எப்போது, எவ்வளவு, எதற்கு என்று ஒரு வரி இருக்காது. “அவுகளுக்குத்தானே கொடுத்தேன், அதுக்கு என்ன கணக்கு” என்பார்கள். அந்தப் பிரியத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. கணக்கு இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். தொழில் நட்டப்படுவது ஒரு கேடு. நட்டப்பட்ட தொழில், மனைவியின் பெயரிலுள்ள கடைசிப் பொருளையும் இழுத்துக்கொண்டு போவது வேறு கேடு. இரண்டாவதைத் தடுக்கலாம்.

பழையது எல்லாம் பத்திரமாக இருந்தது என்றும் இல்லை. 1930இல் நெல் விலை சரிந்தபோது, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய பர்மாவில் கடனுக்கு ஈடாக நிலம் வந்து குவிந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது சுமார் 25 சதவீதம். பிறகு 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது, 1960களில் மிச்சமும் போனது. ஏடு இங்கே இருந்தது, எழுத்து இருந்தது, நிலம் அக்கரையில் இருந்தது. ஆச்சிமால் முழுவதையும் ரங்கூன் கடை ஒன்றிலேயே போட்டிருந்தவர்களுக்கு ஏட்டால் என்ன பயன்? எழுதி வைப்பதும் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் இருப்பதும் வேண்டும்.

சரிவு எந்த வரிசையில் வருகிறது

யாரும் ஒரே நாளில் நூறு சவரனைத் தூக்கிக் கொடுப்பதில்லை. முதலில் பத்து சவரன், “ஆறு மாசத்துல திருப்பிடுறேன்” என்று. ஆறு மாதம் கழித்து அதைத் திருப்பப் பணம் வராது. அந்தப் பத்தைக் காப்பாற்ற இருபது வைப்பார்கள். அடுத்தது கையெழுத்து: மனைவி ஜாமீன், அல்லது கூட்டுக் கடனாளி. அதற்கடுத்து மனைவியின் பெயரில் ஒரு நிறுவனம், காரணம் கணவரின் சிபில் மதிப்பெண் இறங்கிவிட்டது. பிறகு மனைவிக்கு அவர் அப்பச்சி (அப்பா) எழுதிவைத்த மனை. கடைசியில் அண்ணனிடமும் அம்மானிடமும் கைமாற்று. பெண்ணின் பிறந்த வீடு இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டால் தொழில் எப்போதோ செத்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். மேற்கொண்டு வரும் பணம் தொழிலுக்குப் போவதில்லை, வட்டிக்குப் போகிறது.

இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: “ஆத்தா வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.” நட்டத்தைவிட இந்தச் சொல்லுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போய், யாராவது உற்றுப் பார்த்தால் முந்தானையை இழுத்து மூடுகிற நிலை வருவதற்கு ஓராண்டு முன்பாவது இந்தச் சொல் வந்திருக்கும்.

அடகுக் கடையில் நூறு சவரன் எவ்வளவு ஆகிறது

உரைகல்லில் ஓர் இழுப்பு, அமிலம் ஒரு சொட்டு, பிறகு தராசு. மதிப்பீட்டாளர் எழுதும் எடையும் நாம் வீட்டில் சொல்லிக்கொள்ளும் எடையும் ஒன்றல்ல. கல், அரக்கு, நூல், முத்து எல்லாம் கழியும். வைரத்துக்கு நகைக்கடனில் மதிப்பே கிடையாது. தங்கம் மட்டும்தான் கணக்கு. வைரத் தோட்டையும் கண்டசரத்தையும் வைப்பவர்கள் லட்சக்கணக்கில் பெறுமானமுள்ள கல்லை, கம்பித் தங்கத்தின் விலைக்கு வைக்கிறார்கள். ஏலம் போனால் கல்லும் சேர்ந்து போகும். வைரத்தை அடகு வைக்கவே கூடாது என்பது இதற்காகத்தான்.

கணக்குச் சுலபத்துக்குக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சவரன் 800 கிராம், மனக்கணக்கில் 80 லட்சம். கழிவு 50 கிராம் போனால் 750 கிராம், 75 லட்சம். ரிசர்வ் வங்கியின் புதிய விதிகளில், 2026 ஏப்ரல் 1 முதல், வீட்டுத் தேவைக்கான நகைக்கடனுக்கு வரம்பு இப்படி: கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, ஐந்து லட்சத்துக்கு மேல் 75. வட்டியையும் அசலையும் கடைசியில் ஒன்றாகக் கட்டும் கடனுக்கு, முடிவில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையே இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். 75 லட்சத்தில் 75 சதவீதம் 56.25 லட்சம், 10 சதவீத வட்டியைப் பின்னோக்கிக் கழித்தால் கைக்கு வருவது சுமார் 51 லட்சம். நூறு சவரன் கொடுத்தேன் என்று மனைவி நினைப்பதும், ஐம்பது லட்சம் வாங்கினேன் என்று கணவர் நினைப்பதும் இப்படித்தான் இரண்டு வேறு கணக்காகின்றன. பின்னால் வரும் சண்டையில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தது.

அந்தக் கடனுக்குத் தவணை அதிகம் போனால் 12 மாதம். வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்கலாம். அதாவது ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரொக்கம் தேவை. தொழில் தராவிட்டால் ஊர் வட்டிக்கு வாங்குவார்கள். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். முதலாண்டு முடிவில் வெளிக்கடன் 5 லட்சம். அதை வட்டியோடு உருட்டி மறுபடி 5 வாங்கினால் இரண்டாம் ஆண்டு முடிவில் 11.2 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் 18.9 லட்சம். நகை அசையாமல் வங்கிப் பெட்டியில் இருக்கிறது, அசல் ஒரு ரூபாய் குறையவில்லை, வெளியே மட்டும் பத்தொன்பது லட்சம் புதிதாக முளைத்திருக்கிறது. “நகை பத்திரமா பேங்க்ல இருக்கு” என்று சொல்லும் வீடுகளில் பலவற்றின் உண்மை நிலை இதுதான்.

இதில் ஒரு நாள் கடன் என்று ஒன்று உண்டு. காலையில் ஒருவர் முழுத் தொகையையும் கொடுப்பார், கடன் அடையும், நகை வெளியே வரும், மதியமே அதே நகை மறுபடி உள்ளே போகும், அவர் பணம் கமிஷனோடு அவருக்குத் திரும்பும். தங்கம் விலை ஏறிய ஆண்டுகளில் இப்படிச் செய்யும்போது கூடுதல் கடனும் கிடைக்கும். அதைப் பார்த்துக் கணவருக்கு ஒரு மகிழ்ச்சி வேறு. விலை ஏற்றத்தின் லாபம் நகைக்கு உரியவளுக்கு வர வேண்டியது. அது அன்று மாலைக்குள் தொழிலின் கடனாக மாறிவிடுகிறது.

ஆகவே தொழிலுக்கென்று முடிவாகிவிட்டால், கொடுக்க நினைக்கும் அளவை விற்றுக் கொடுங்கள், அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். நகையை விற்பது தரித்திரம், அடகு வைப்பது வழக்கம். ஆனால் இருபது சவரனை விற்றால் இருபதோடு நிற்கும். அடகு வைத்தது நிற்காது. அடகு, ஓராண்டுக்குள் உறுதியாகப் பணம் வரும் காரியத்துக்கு: வந்துவிட்ட ஆர்டருக்குச் சரக்கு வாங்க, பில் பணம் வரும்வரை சம்பளம் கொடுக்க. மூன்றாண்டு கழித்து லாபம் பார்க்கும் காரியத்துக்கு அடகு ஒத்துவராது. விற்கும்போது 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையின் லாபத்துக்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி உண்டு. 2001 ஏப்ரல் 1க்கு முந்தைய நகைக்கு அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். பாட்டி வழி வந்த நகைக்கு இது பெரிய வித்தியாசம் தரும்.

பெரிய வீட்டை ஓட்டலாக்கும் ஆசை

செட்டிநாட்டுக்கே உரிய ஆசை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இது. கானாடுகாத்தானில் நன்றாக நடக்கும் பழைய வீட்டு விடுதிகளைப் பார்த்துவிட்டு, நம் வீட்டிலும் பர்மாத் தேக்கு இருக்கிறதே, ஆத்தங்குடிக் கல் இருக்கிறதே என்று ஆரம்பிக்கும். ஆசை நல்ல ஆசைதான். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறப்பது புண்ணியமும்கூட. ஆனால் மனைவியின் நகை அதற்குள் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை பல.

வீடு யாருடையது என்பது முதல் கேள்வி. பாகம் பிரியாத வீட்டில் கணவரின் பங்கு எட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நகை போட்டுச் சீரமைப்பது முழு வீட்டையும். முகப்பில் ஓடு மாற்றியாகிவிட்டது, வளவில் (நடு முற்றத்தில்) தூண்களுக்கு மெருகு ஏற்றியாகிவிட்டது, இரண்டாம் கட்டில் சமையல்கூடம் கட்டியாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் பங்காளி ஒருவர் அப்போதுதான் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார். முன்பே வாயால் சரி என்று சொன்னவர்தான். வாய்ச்சம்மதத்தை நம்பிப் போட்ட பணத்தைப் பொதுச் சொத்திலிருந்து பிரித்தெடுப்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்கு. எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் கைக்கு வராமல் ஒரு சவரன்கூட வெளியே போகக் கூடாது. கிராமத்திலிருக்கும் மூத்தவர் கையெழுத்து மட்டும் போதாது. இறந்தவர்களின் வாரிசுகள், மணமாகிப் போன பெண்கள், எல்லாரும் வேண்டும். தமிழ்நாட்டில் 1989லிருந்தே, அப்போது மணமாகாத பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு உண்டு. 2005க்குப் பிறகு மணமான பெண்களுக்கும் உண்டு.

அடுத்தது மராமத்து. சுண்ணாம்புச் சுவரில் குளியலறைக் குழாய் பதிக்க வெட்டி, மேலே சிமெண்ட் பூசுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளே தங்கி இரண்டு மழையில் பூச்சு பெயர்ந்து விழும். முட்டைக் கலவைப் பூச்சின் பளபளப்பைப் பார்த்து வந்தவர் முதல் அறையிலேயே உப்புப் பூத்த சுவரைப் பார்ப்பார். ஆகவே குளியலறைகளைப் பழைய சுவரைத் தொடாமல் பின்கட்டில் தனிச் சுவர் எழுப்பிக் கட்டுவது நல்லது. செலவு கூடும், திட்டத்தில் அது இருக்காது. மின்சாரம் வீட்டு இணைப்பிலிருந்து வணிக இணைப்புக்கு மாறும். வெளியூர் ஆட்கள் வருவது பெரும்பாலும் குளிர்காலத்தில். சித்திரை வெயிலில் வளவு காலியாகக் கிடக்கும். நகைக்கடன் வட்டிக்குச் சித்திரை, மார்கழி எல்லாம் ஒன்றுதான். வரவு நான்கு மாதம், வட்டி பன்னிரண்டு மாதம் என்று ஒரு தாளில் மாதவாரியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவர் கணக்குத் தெரியாதவர் அல்ல, தெரிந்தவர்.

பணம் பற்றாமல் போகும்போது வீட்டுக்குள் இருப்பவை வெளியே கிளம்பும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும் எனாமல் தூக்குகளும், மங்குச் சாடிகளும், பெல்ஜியம் கண்ணாடிகளும் யார் சீரில் வந்தவை என்று கேட்டுப் பாருங்கள். ஆசைப்பட்டவரின் பொருள் அதில் குறைவாகத்தான் இருக்கும்.

கையெழுத்து

இது மாலை ஆறு மணிக்கு, அடுப்பில் சீடை வேகும்போது நடக்கும். “ஏங்க, என்ன இது?” “ஒண்ணுமில்ல, பேங்குக்கு ஃபார்மாலிட்டி. பென்சில்ல டிக் போட்ட இடத்துல எல்லாம் போட்டுரு.” கையில் மாவோடு பதினெட்டு இடத்தில் கையெழுத்து விழும். அந்தக் காகிதங்களில் தொகைக் கட்டம் காலியாக இருந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஜாமீன் போட்டவர் சாட்சி அல்ல. ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு. வங்கி முதலில் கணவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் மனைவியிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பெரும்பாலான படிவங்கள் தொடர் ஜாமீன் வகை: இன்று 20 லட்சத்துக்குப் போட்ட கையெழுத்து, வரம்பு எழுதாவிட்டால், நாளை உயர்த்தப்படும் கடனுக்கும் நீளும். போட்டே ஆக வேண்டும் என்றால், தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, “இந்தத் தொகைக்கும் அதன் வட்டிக்கும் மட்டும்” என்று சேர்த்து, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். தொடர் ஜாமீனை இனிமேல் கொடுக்கப்படும் கடன்களுக்கு மட்டும் விலக்கிக்கொள்ள 130ஆம் பிரிவு வழி விடுகிறது. பதிவுத் தபாலில் ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோடு. அதுவரை வாங்கிய கடன் தலையிலிருந்து இறங்காது.

மனைவியின் பெயரில் நிறுவனம் தொடங்குவது ஜாமீனைவிட மோசம். தனியுரிமையாளர் நிறுவனம் என்றால் ஜிஎஸ்டி பதிவும் பான் எண்ணும் அவருடையவை. கட்டாத ஜிஎஸ்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் அவர் தலையில். கூட்டாண்மை என்றால் பங்கு பத்து சதவீதமே ஆனாலும் பொறுப்பு முழுக் கடனுக்கும். தனியார் கம்பெனியில் பெயருக்கு இயக்குநராக இருந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டறிக்கை போடாமல் விட்டால் ஐந்தாண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. பெயர் போடுவதாக இருந்தால் கணக்குப் புத்தகமும், வங்கிச் செய்தி வரும் செல்போன் எண்ணும், ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் மனைவி கையில் இருக்க வேண்டும். கணவரின் எண்ணுக்கு ஓடிபி போகும் கணக்குக்கு மனைவி உரிமையாளர் என்பது வேடிக்கை.

காசோலை: கூட்டுக் கணக்காகவே இருந்தாலும், காசோலையில் கையெழுத்துப் போடாதவர் மீது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் (பணமின்றித் திரும்பிய காசோலை) வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. போட்டவர் சிக்குவார், இரண்டாண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஒன்றுகூட வீட்டு மேசை அறையில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே வெளியே போயிருந்தால் எண், யாரிடம், எந்தத் தேதி என்று எழுதிவையுங்கள்.

பொது அதிகாரப் பத்திரமும் இந்த வகைதான். பிறந்த வீட்டு மனைக்குக் கணவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்த பெண்கள் நிறைய. பயன் முடிந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் மனைக்கு இணையத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஆவணங்களை ஒப்படைத்து வாங்கிய அடமானம் பதிவாகியிருந்தால் அதில் வந்துவிடும். சிபில் அறிக்கையும் ஆண்டுக்கு ஒன்று இலவசம். உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாத நகைக்கடன் இருந்தால் அங்கே தெரியும்.

தனிப்பக்கத்தைத் திரும்ப எழுதுவது

நாளும் நட்சத்திரமும் பார்க்க வேண்டாம். ஒரு கோடு போட்ட நீள நோட்டு போதும். நகை ஒவ்வொன்றும்: பெயர், மொத்த எடை, கல் நீக்கிய எடை, யார் கொடுத்தது, இப்போது எங்கே இருக்கிறது, ரசீது எண். வெள்ளிச் சாமான்களும் அப்படியே. செல்போனில் படம். கல்யாணத்தின்போது எழுதிய சீர்ப் பட்டியல் பெரும்பாலான வீடுகளில் எங்காவது கிடக்கும். தேடி எடுத்து இதோடு சேர்க்கவும்.

சட்டம் இந்தப் பக்கத்துக்குத் துணை நிற்கிறது. சீதனம் பெண்ணுக்கே சொந்தம், கணவர் அதற்குக் காவல் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. சங்கடத்தில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை கணவருக்கு உண்டு என்று 2024இல் மறுபடி சொன்னது. ஆனால் எந்த நகை, எத்தனை கிராம் என்பதைச் சட்டம் வந்து எழுதித் தராது.

கொடுக்கும் பணம் மனைவியின் வங்கிக் கணக்கிலிருந்து தொழிலின் கணக்குக்குப் போகட்டும். தொழில் ஏட்டில் அது மனைவியிடம் வாங்கிய கடன் என்று ஏறட்டும். கணவர் ஒரு புரோநோட் எழுதித் தரட்டும். வட்டி ஆறு சதவீதமே ஆனாலும் எழுத வேண்டும். புரோநோட்டின் உயிர் மூன்றாண்டு. அதற்குள் வட்டி வரவோ, “கடன் பாக்கி இருக்கிறது” என்ற கையெழுத்தோ வாங்கிப் புதுப்பிக்க வேண்டும். “கட்டுனவன்கிட்ட நோட்டா?” என்று கோபம் வரும். ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் எழுதினார்கள், ரோஷம் அவர்களுக்கும் இருந்தது.

நகையை மூன்று குவியலாகப் பிரிப்பது நல்ல பழக்கம். ஒன்று தொடாதது: பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியது, வைரம், கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி). இரண்டாவது, குறுகிய தேவைக்கு அடகு வைக்கலாம். மூன்றாவது, போனாலும் போகட்டும் என்று விற்கத் தயாரானது. தொழிலுக்கு மூன்றாவது குவியல் மட்டும். அது தீர்ந்தால் தொழிலுக்கு மனைவியின் பங்கு தீர்ந்தது. இந்தப் பிரிவினையைத் தொழில் தொடங்கும் முன்பே, இருவரும் உட்கார்ந்து, மனம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். நெருக்கடி வந்தபின் செய்தால் மூன்றும் ஒரே குவியல்தான்.

கணவர் தொழில் தொடங்கும்போதே அவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து, 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகளைப் பயனாளிகளாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். பாலிசி வந்தபின் சேர்க்க முடியாது. கடன்காரர்களை ஏமாற்றும் எண்ணத்தில் எடுத்ததாக நிரூபிக்கப்பட்டாலொழிய, அந்தத் தொகையைக் கடன்காரர் தொட முடியாது. கணவரும் தன்னிஷ்டத்துக்கு அதன்மேல் கடன் வாங்க முடியாது. முகவர்கள் தாமாகச் சொல்வது குறைவு, நாம்தான் கேட்க வேண்டும். மனைவி பெயரில் பிபிஎஃப் கணக்கும் கடன் தீர்ப்பின் ஜப்திக்கு உட்படாது.

ஆசை மனைவியுடையதாக இருந்து கணவர் கரைந்துபோகும் வீடுகளும் கூடிக்கொண்டு வருகின்றன. பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலை வியாபாரம், சென்னையில் ஒரு மெஸ். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து அதில் உட்காருவார் கணவர். சேமிப்பு முழுவதும் முதல் ஆண்டுக் கடை முன்பணத்துக்கும் பர்னிச்சருக்கும் போய்விடும். இரண்டு சம்பளம் ஓடிய வீட்டில் ஒரு சம்பளமும் இல்லாமல் போவதுதான் இங்கே ஆபத்து. கடை மாதாமாதம் வீட்டுச் செலவுக்குத் தரத் தொடங்கி ஓராண்டு ஆகும்வரை ஒருவர் சம்பளத்தில் இருந்தே தீர வேண்டும். சுவையான கைமுறுக்குக்கும் கடை வாடகைக்கும் தொடர்பில்லை.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு

புதிய கையெழுத்து எதுவும் இல்லை, அது இன்றே. அடுத்து எல்லாக் கடனையும் ஒரு தாளில்: யாரிடம், அசல், வட்டி விகிதம், ஈடு என்ன, அடுத்த தேதி. ஊர் வட்டியை ஆண்டு வட்டியாக மாற்றி எழுதுங்கள், மூன்று வட்டி என்றால் 36. பார்த்ததும் எதை முதலில் அடைப்பது என்று தாளே சொல்லும். கந்து, மீட்டர், தண்டல் வட்டிகளைத் தடுக்க 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து கத்துபவருக்கு அதைப் பற்றி நன்றாகவே தெரியும்.

நகைகளில் ஒரு பகுதியை விற்று மற்றதை மீட்பது, வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதைவிட மேல். ஏலம் வரை விடாதீர்கள். ஏலத்தில் குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதம். இருமுறை ஏலம் போகாவிட்டால் 85. நீங்களே விற்றால் அந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். கடன் அடைத்தால் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

வீட்டின் மேல் கடன் இருந்தால்: 90 நாள் கட்டாவிட்டால் வாராக்கடன். பிறகு சர்ஃபாசி சட்டப்படி (ஈட்டுச் சொத்தை வங்கியே எடுக்க வழிவிடும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ். அந்த நோட்டீஸைப் பீரோவில் ஒளித்து வைப்பதுதான் பல வீடுகளில் நடப்பது. அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே தவணையில் தீர்க்கும் பேச்சுக்கும் அந்த 60 நாள்தான் நல்ல நேரம். சுவாதீனம் எடுக்க வந்துவிட்டால் 45 நாளுக்குள் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயம். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

பிறந்த வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். பணம் கேட்க அல்ல. அவர்கள் தனியாகக் கைமாற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்தவும், பட்டியலின் ஒரு நகலை அவர்களிடம் வைக்கவும்.

கழுத்துருவைப் பற்றி ஒன்று. அதையும் வைத்துவிட்ட வீடுகள் இருக்கின்றன. பிள்ளை கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ முந்தின வாரம் ஒரு நாள் கடன் வாங்கி மீட்டு, சடங்கு முடிந்த திங்கட்கிழமை மறுபடி கொண்டுபோவார்கள். வேறு வழியே இல்லாமல் வைக்க நேர்ந்தால் நூலிலிருந்து உருக்களைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். முன்னும் பின்னும் படம் எடுத்து, எத்தனை உரு என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். “ஒரு கழுத்துரு, இத்தனை கிராம்” என்று மட்டும் எழுதித் தருவார்கள். கவுண்டரை விட்டு நகராமல் திருத்தி வாங்கவும்.